திடகாத்திரர்களின் ஆபத்பாந்தவன்

நம் உடம்பின்மேல் உண்மையான அக்கறை கொண்டவர்கள் யார் யார் என்று விரல் விட்டு எண்ணினால், டெர்ம் இன்சூரன்ஸ் கம்பெனிதான் முதல் விரலில் நிற்கும். சொந்தக்காரர்கள் "சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் பதில் வருவதற்குள் அடுத்த ஆளிடம் போய்விடுவார்கள். கம்பெனி அப்படியில்லை. உங்கள் அப்பா எத்தனை வயதில் போனார், எதனால் போனார், அண்ணன் தம்பிகளில் யாருக்காவது அறுபது வயதுக்குள் நெஞ்சுவலி வந்ததா, சமீபத்தில் உடம்பு காரணமில்லாமல் இளைத்ததா, தொடர்ந்து ஏதாவது மாத்திரை சாப்பிட்டதுண்டா, பீடியா சிகரெட்டா, வெற்றிலையோடு புகையிலை உண்டா, வாரத்துக்கு எத்தனை பெக், அது பீரா பிராந்தியா என்று, பெற்ற தாய்கூடக் கேட்கத் தயங்குகிறதை எல்லாம் வாய் கூசாமல் கேட்கும். பதிலை எழுதி வாங்கி, கீழே கையெழுத்தும் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். எவ்வளவு பத்திரமாக என்பது நீங்கள் செத்த பிறகு உங்கள் மனைவிக்குத் தெரியவரும்.

டெர்ம் பாலிசி எளிமையான சரக்கு. முப்பத்தைந்து வயதுக்காரர் ஒரு கோடி ரூபாய்க்கு 25 வருஷத்துக்கு எடுக்கிறார் என்று வையுங்கள். அதற்குள் செத்தால் குடும்பத்துக்கு ஒரு கோடி. சாகாவிட்டால் கட்டியது போனதுதான். போனஸ், முதிர்வுத்தொகை என்ற பேச்சே கிடையாது. அதனால்தான் மலிவு. அந்த மலிவை யாருக்குத் தருவது என்பதில்தான் கம்பெனியின் தாராள மனசு தெரியும். நோய் நொடி இல்லை, சிகரெட் இல்லை, தொப்பை இல்லை, அப்பாவும் அம்மாவும் எண்பதைத் தாண்டி நடமாடுகிறார்கள் என்றால், அப்படிப்பட்ட அபலைக்கு ஆகக் குறைந்த விலை. சர்க்கரை, பிரஷர், நெஞ்சில் ஒரு ஸ்டென்ட், வீட்டில் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள் என்று வந்து நிற்கிற கொழுத்த அதிர்ஷ்டசாலிக்கு ஆக உயர்ந்த விலை, அல்லது கதவு.

கேள்வி கேட்டதோடு விட்டுவிடுகிற அரைகுறை அன்பும் இல்லை இது. காலை ஆறரை மணிக்கு லேப் பையன் பெட்டியோடு வாசலில் நிற்பான். வெறும் வயிற்றில் ரத்தம், பிறகு சிறுநீர், ஈசிஜி, உயரம், எடை. தொகை பெரிதென்றால் டிரெட்மில்லில் நடக்கவிட்டு நெஞ்சைக் கேட்பார்கள். செலவு பெரும்பாலும் கம்பெனியுடையது. (நடுவில் நீங்கள் மனம் மாறி வேண்டாம் என்றால் அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்புவார்கள். அன்புக்கும் ரசீது உண்டு.) முந்தின ராத்திரி பட்டினி கிடந்து சுகரைக் குறைத்துக் காட்டுகிற நம்மூர் சாமர்த்தியம் அங்கே செல்லாது. ஹெச்பிஏ1சி என்ற சோதனை இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைச் சொல்லிவிடும். அது 5.7க்குக் கீழே இருந்தால் நீங்கள் உத்தமர். 6.5ஐத் தொட்டால் சர்க்கரைக்காரர். நடுவில் நின்றால், இன்னும் நோய் வரவில்லை என்றாலும் வரப்போகிறவர் என்று முன்கூட்டியே கௌரவிக்கப்படுவீர்கள். சிறுநீரில் கோட்டினைன் என்று ஒன்றைத் தேடுவார்கள். நிக்கோடின் உடம்பில் கரைந்த பிறகு விட்டுப்போகிற தடயம் அது. கூடவே குடித்தனம் நடத்துகிற மனைவியின் மூக்குக்கு எட்டாத சிகரெட்டு, ஒரு சின்ன பாட்டில் சிறுநீரில் அகப்பட்டுவிடும். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து விலை சொல்கிறவர்கள் இவர்களிடம் வந்து பாடம் கேட்க வேண்டும்.

இந்தத் திறமை நேற்று முளைத்ததில்லை. மனிதனுக்கு மதிப்பெண் போடுகிற கலையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க் லைஃப் கம்பெனியில் ஆஸ்கர் ரோஜர்ஸ் என்ற டாக்டரும் ஆர்தர் ஹன்டர் என்ற கணக்கு நிபுணரும் சேர்ந்து வளர்த்தார்கள். 1919இல் அதை எழுதியும் வெளியிட்டார்கள். சராசரி மனிதனுக்கு 100. எடை கூடினால் இத்தனை சேர். அப்பா சீக்கிரம் இறந்திருந்தால் இத்தனை சேர். நாடித்துடிப்பு சரியில்லையா, இன்னும் கொஞ்சம் சேர். நல்ல குடும்ப ஆயுள் இருந்தால் கொஞ்சம் கழி. கடைசியில் கூட்டினால் 150 என்று வந்தது என்றால், உங்களைப் போன்றவர்கள் சராசரியைவிட ஒன்றரை மடங்கு வேகமாகச் சாகிறார்கள் என்று பொருள். பள்ளிக்கூடத்தில் எத்தனை முயன்றும் நூற்றுக்கு நூறு வாங்காதவர்கள்கூட இங்கே சிரமமில்லாமல் இருநூறு வாங்கலாம்.

மருத்துவ உலகமும் இவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. இதை நான் முழு மனசோடு சொல்கிறேன். பிரஷர் பார்க்கிற பட்டையைப் பல டாக்டர்கள் விளையாட்டுச் சாமானாக நினைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே அமெரிக்காவின் இன்சூரன்ஸ் கம்பெனிகள் அதை ஆயிரக்கணக்கான கைகளில் கட்டி, எண் ஏறினால் ஆயுள் இறங்கும் என்று கண்டுபிடித்துவிட்டன. இந்த உயரத்துக்கு இந்த எடை என்று டாக்டர் அறைகளில் தொங்கிய அட்டவணையும் 1940களில் மெட்ரோபாலிடன் லைஃப் கம்பெனி தந்தது. உயரத்தையும் எடையையும் ஒரே எண்ணாக்குகிற பிஎம்ஐ கணக்கின் மூலச் சூத்திரம் அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜிய வானியல்காரருடையது. நட்சத்திரத்தை அளந்து சலித்தவர் மனிதர்கள் பக்கம் திரும்பியதில், திருநெல்வேலிக்காரர் ஒருவர் அல்வாவுக்காகக் கூடுதல் பிரீமியம் கட்டுகிறார். நம் ஆசிய உடம்பு மெலிந்திருந்தாலும் உள்ளே கொழுப்பு சேர்த்துவைக்கும் என்பதால், உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் நமக்கென்று 23 என்ற தனிக் கோட்டையும் கிழித்துக் கொடுத்தது. வெள்ளைக்காரனுக்கு 25 வரை பொறுமை.

வெள்ளைக்காரன் என்றதும் நினைவு வருகிறது. இந்த மண்ணில் ஆயுள் காப்பீடு 1818இல் கல்கத்தாவில் ஓரியண்டல் லைஃப் கம்பெனியோடு வந்தது. 1829இல் மெட்ராஸ் ஈக்விட்டபிள் நம் மாகாணத்தில் கடை விரித்தது. அன்றைய கம்பெனிகளின் மனசு ஐரோப்பிய உயிர்களின் மேலேயே இருந்தது. பிறகு பெரிய மனசு பண்ணி இந்திய உயிர்களையும் சேர்த்துக்கொண்டபோது, அவற்றைத் தரம் குறைந்த உயிர்கள் என்று தனியே ஒதுக்கி, கனமான கூடுதல் பிரீமியம் வாங்கினார்கள். நோய் இருக்கிறதா என்றுகூடப் பார்க்க வேண்டியதில்லை. இங்கே பிறந்திருப்பதே நோய். 1870இல் பம்பாய் மியூச்சுவல் சொசைட்டி வந்துதான் இந்தியனுக்கும் சாதாரண விலை என்றது. இன்றைக்கு எல்லாம் மாறிவிட்டது. நிறம், மதம், சாதி எதுவும் யாரும் கேட்பதில்லை. தோலைப் பார்த்து விலை போட்ட அநியாயம் ஒழிந்து, தோலுக்கு அடியில் ஊசி விட்டுப் பார்த்து விலை போடுகிற சமத்துவம் வந்திருக்கிறது.

கணக்குக்கு வருவோம். இந்தியாவில் பாலிசி எடுத்தவர்களின் சாவை வைத்துப் போட்ட 2012-14 இறப்பு அட்டவணையின்படி, முப்பத்தைந்து வயதில் ஆயிரம் பேரில் அந்த வருஷம் சாகிறவர்கள் ஒன்றே கால் ஆளைக்கூட எட்டமாட்டார்கள். அந்த வயது ஆளுக்கு, வரி தவிர்த்து ஆண்டுக்கு 15,000 ரூபாய் பிரீமியம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் எடுத்துப் போன பிறகு ஒரு கடிதம் வருகிறது. உங்கள் மருத்துவ அறிக்கையின் அடிப்படையில் 50 சதவீதம் லோடிங்; சம்மதமா, சில நாளுக்குள் சொல்லுங்கள். இப்போது 22,500. ஆண்டுக்கு 7,500 கூடுதல், 25 வருஷத்தில் 1,87,500. ஆபத்து கூடியவரிடம் கூடுதலாக வாங்குவது கணக்குப்படி நியாயம்தான். அதை மறுத்துப் பேசுகிறவன் நான் இல்லை. எல்லோரிடமும் ஒரே விலை வாங்கினால் நோயாளிகள் மட்டும் வந்து சேர்ந்து கம்பெனி மூழ்கிப்போகும். நான் மெய்சிலிர்ப்பது அந்தக் கடிதத்தின் அடக்கத்தைப் பார்த்து. எதற்கு எத்தனை புள்ளி சேர்த்தார்கள், 50 எப்படி வந்தது, ஏன் 40 இல்லை என்று ஒரு வரி இருக்காது. செய்த நல்லதை வெளியே சொல்லிக்கொள்ளாத குணம் இந்தக் காலத்தில் யாருக்கு வரும்!

அதே ரத்த அறிக்கையை இன்னொரு கம்பெனிக்கு அனுப்பினால் 25 சதவீதம் என்பார்கள். மூன்றாவது கம்பெனி 100 என்று சொல்லும், நான்காவது ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று ஒத்திவைக்கும். அறிவியல் ஒன்றுதான்; அதன் கருணை பலவிதம். பல கம்பெனிகள் இதற்கெல்லாம் மறுகாப்பீட்டு நிறுவனங்களின் கையேட்டைப் புரட்டுகின்றன. ஆகவே கோயம்புத்தூர்க்காரரின் சர்க்கரைக்கு என்ன விலை என்று அந்த நிறுவனங்கள் குடியிருக்கிற ஜெர்மனியின் மியூனிக்கிலும் சுவிட்சர்லாந்தின் சூரிச்சிலும் உட்கார்ந்து யோசித்து எழுதிவைத்திருக்கிறார்கள். நம்மை நேரில் பார்த்த டாக்டர்கூட இத்தனை யோசித்ததில்லை.

இந்த அன்பின் இன்னொரு சிறப்பு அதன் உறுதி. பாலிசி எடுத்த நாளில் என்ன விலையோ அதுதான் கடைசி வரை. இன்று திடமாக இருந்து எடுத்தவருக்கு அடுத்த வருஷம் சர்க்கரை வந்தாலும், இதயத்தில் அடைப்பு வந்தாலும் ஒரு பைசா ஏறாது. இது உண்மையாகவே நல்ல விஷயம். வாங்குவது என்றால் உடம்பு நன்றாக இருக்கும்போது வாங்கிவிடுங்கள் என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். ஆனால் உறுதி என்றால் இரண்டு பக்கமும் உறுதி. லோடிங்கோடு வாங்கியவர் காலையில் நடந்து, சோற்றைக் குறைத்து, பதினைந்து கிலோ இளைத்து, சுகரை 5.6க்குக் கொண்டுவந்துவிட்டார் என்றால், அவருடைய விடாமுயற்சியைக் கம்பெனி மனசுக்குள் பாராட்டிக்கொண்டு அதே 22,500ஐ வாங்கிக்கொள்ளும். சிகரெட்டை விட்டுப் பத்து வருஷம் ஆனவர் கையெழுத்துப் போட்ட நாளின் நினைவாக இன்னும் புகைப்பவர் விலையே கட்டிக்கொண்டிருப்பார். குறைக்க வேண்டுமென்றால் புதிதாக ஒரு பாலிசிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குள் வயது பத்து கூடியிருக்கும், அதற்குத் தனி விலை.

இவர்கள் யாரை அதிகமாக நேசிக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். டாக்டரையே பார்க்காதவரைத்தான். தூக்கம் வரவில்லை, மனசு கனக்கிறது என்று மனநல டாக்டரிடம் போய் முறையாக மருந்து எடுத்துத் தேறிவருகிற ஒருவர் படிவத்தில் உண்மையைச் சொன்னால், மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, டாக்டரின் கடிதம் எல்லாம் கேட்டுவிட்டு ஒத்திவைக்கக்கூடும். அதே கனத்தை மனசுக்குள் பூட்டி, யாரிடமும் மூச்சுவிடாமல், ராத்திரி மொட்டைமாடியில் நடந்துகொண்டிருப்பவர் இரண்டு 'இல்லை' எழுதி, சுத்தமான ஆரோக்கியசாலியாக உள்ளே போய்விடுவார். குறட்டைக்காகத் தூக்கப் பரிசோதனை செய்துகொண்டவருக்குக் கேள்விகள். வீடதிரக் குறட்டை விட்டும் பரிசோதனை செய்துகொள்ளாதவருக்கு வரவேற்பு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்கும் உடல்நோய்க்கும் ஒரே மாதிரி காப்பீடு தர வேண்டும் என்கிறது. அது பேசுவது மருத்துவச் செலவுக்கான காப்பீட்டை. ஆயுள் காப்பீட்டின் அந்தரங்கத்தில் அது மூக்கை நுழைக்கவில்லை. மருந்து சாப்பிட்டுப் பிழைப்பவரைவிட, மருந்தே சாப்பிடாதவர் நீண்ட நாள் வாழ்வார் என்று நம்புகிற இந்த வெள்ளை மனசு கம்பெனிகளுக்கே உரியது.

ஒரு கம்பெனி உங்களை மறுத்துவிட்டால் இன்னொன்று இருக்கிறதே என்று அலட்சியமாக இருக்க முடியாது. வேறு எந்தக் கம்பெனியாவது உங்கள் விண்ணப்பத்தை மறுத்ததா, ஒத்திவைத்ததா, கூடுதல் பிரீமியம் கேட்டதா என்று அடுத்த கம்பெனியின் படிவமும் கேட்கும். விளம்பரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத போட்டியாளர்கள், நிராகரிக்கப்பட்ட மனிதன் என்று வரும்போது ஒருவர் தீர்ப்பை ஒருவர் மதிக்கிறார்கள். கூட்டுக் குடும்பம் எங்கே இருக்கிறது என்று தேடுகிறவர்கள் இங்கே பார்க்கலாம்.

சென்னையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர் ஆய்வு 2023இல் வெளியானது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் என்று அது சொன்னது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமோ 2047க்குள் எல்லோருக்கும் காப்பீடு என்று இலக்கு வைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஆணையத்தின் நம்பிக்கை விளங்கும். அதற்குள் இந்த நாட்டில் ஒருவருக்கும் சர்க்கரை இருக்காது. அல்லது இருந்தவர்கள் இருக்கமாட்டார்கள்.

கம்பெனியை மட்டும் புகழ்ந்தால் ஏஜென்ட்டுகளுக்குத் துரோகம். என் மனைவி வழியில் சித்தப்பா முறையாகிற ஒருவர் ஏஜென்ட். மாத்திரை போடுகிற என் சுகரைப் பற்றிக் கேட்டதும் அவருடைய முகத்தில் வந்த பரிவை மறக்க முடியாது.

"மாப்ள, சுகர்னு ஒரு வார்த்தை எழுதினீங்கன்னா ஏத்திருவான். நீங்க மாத்திரைதான போடுறீங்க, ஊசி இல்லையே? அதெல்லாம் ஒரு சுகரா?"

"டெஸ்ட்ல தெரிஞ்சிருமே, மாமா?"

"டெஸ்ட் கேக்காத பாலிசி ஒண்ணு இருக்கு. ஃபார்ம நானே பூர்த்தி பண்ணிக்கிறேன். நீங்க கையெழுத்த மட்டும் போடுங்க. மூணு வருஷம் தாக்குப்பிடிச்சுட்டீங்கன்னா அப்புறம் ஒருத்தனும் கேள்வி கேக்க முடியாது."

இத்தனை நுணுக்கமான சட்ட ஞானம் அவருக்கு உண்டென்று அதுவரை நான் நினைக்கவில்லை. 1938ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறது. முன்பு இரண்டு வருஷமாக இருந்த கெடுவைப் பின்னால் மூன்றாக்கினார்கள். பாலிசி கொடுத்து மூன்று வருஷம் ஆகிவிட்டால் எந்தக் காரணத்துக்காகவும் அதைக் கேள்வி கேட்கக் கூடாது. அதற்குள் என்றால் கேட்கலாம். மோசடி என்று நிரூபித்தால் கட்டிய பணமும் போகும். மோசடி இல்லை, முக்கியமான விஷயத்தை மறைத்தார் என்ற அளவில் நின்றால் கட்டிய பிரீமியத்தை 90 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். சித்தப்பா சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நடுவில் பிரீமியம் கட்டாமல் பாலிசி காலாவதியாகி அதைப் புதுப்பித்தால், அந்த மூன்று வருஷம் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். இன்னொன்றும் உண்டு. பேசி, பேரம் முடித்துப் பாலிசி பிடித்துத் தருகிறவரை, ஒப்பந்தம் உருவாகிற அளவில், கம்பெனியின் ஆளாகவே கருத வேண்டும் என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. அதைப் படித்தால் சித்தப்பாவின் பேனா கம்பெனியின் பேனாதான். கிளெய்ம் என்று வருகிற அன்றைக்கு அந்தப் பேனாவை நான்தான் பிடித்தேன் என்று சித்தப்பாவும் சொல்லமாட்டார், கம்பெனியும் சொல்லாது. கீழே இருக்கிற கையெழுத்து மாப்பிள்ளையுடையது.

மூன்று வருஷத்துக்குள் சாகிறவர்களுக்குக் கிடைக்கிற மரியாதை தனி. உயிரோடு இருந்தபோது ஒரு லேப் பையனோடு முடிந்துபோன அக்கறை, செத்த பிறகு விசாரணை அதிகாரியாக உருவெடுத்துத் தெருத்தெருவாக வரும். எந்த ஆஸ்பத்திரியில் அட்டை போட்டிருந்தார், எந்த மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கினார், ஆபீஸில் எப்போது மெடிக்கல் லீவு எடுத்தார் என்று விசாரித்து, பழைய மருந்துச் சீட்டு ஒன்றைக் கண்டெடுக்கும்வரை ஓய்வில்லை. எல்ஐசிக்கு எதிரான ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மாரடைப்பால் இறந்தவர் தமக்கு முதுகெலும்புத் தேய்மானம் இருந்ததைச் சொல்லவில்லை என்பதற்காகப் பணத்தை மறுத்திருந்தார்கள். முதுகு வலிக்கும் அந்தச் சாவுக்கும் தொடர்பில்லை, பணத்தைக் கொடுங்கள் என்று 2015இல் நீதிமன்றம் சொன்னது. முதுகிலிருந்து இதயத்துக்கு எத்தனை தூரம் என்று நம் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றத்தையே அளக்கவைத்த பெருமை வேறு யாருக்கு உண்டு? எதிர்ப்பக்கமும் உண்டு. பாலிசி எடுத்து ஏறக்குறைய ஒரு மாதத்திலேயே இறந்த ஒருவர், அதற்குச் சற்று முன்புதான் ஆஸ்பத்திரியில் இருந்ததையும் கல்லீரல் நோயையும் மறைத்திருந்தார். அங்கே கம்பெனி சொன்னதுதான் சரி என்று 2020இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே சித்தப்பாவின் யோசனையைக் கேட்பவர்கள் எந்த நோயால் சாவது என்பதையும் அவரிடமே கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. நான் படிவத்தில் சுகர் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வருவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

அரசாங்கத்தையும் இந்த வாழ்த்தில் சேர்க்காவிட்டால் பாவம். ஒருவர் செத்தால் குடும்பம் தெருவுக்கு வரக் கூடாது என்று கட்டுகிற பணத்தின்மேல் வருஷக்கணக்காக 18 சதவீதம் ஜிஎஸ்டி வாங்கிவந்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் பாலிசிகளுக்கு அதை அடியோடு நீக்கிவிட்டார்கள். நமது பழைய கணக்கையே போட்டுப் பாருங்கள். 15,000 கட்டுகிற திடகாத்திரருக்கு ஆண்டுக்கு மிச்சம் 2,700 ரூபாய். லோடிங்கோடு 22,500 கட்டுகிற சர்க்கரைக்காரருக்கு மிச்சம் 4,050. நோய் இல்லாதவரைவிட 1,350 ரூபாய் கூடுதல் லாபம், அதுவும் வருஷா வருஷம், பாலிசி முடிகிறவரை. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையின் செலவில் ஒரு பங்கு இதிலேயே வந்துவிடும்.